தண்டு முடிகிற இடம்

வியாழக்கிழமை எனது முறை.
புர்க்டோர்ஃப், அடுக்குமாடியின் நிலக்கீழ்ச் சலவை அறை,
காலை ஏழு முதல் பன்னிரண்டு வரை.
சுவரில் தொங்கும் அட்டையில்
என் பெயருக்குப் பாதி இடம்தான் கிடைத்தது:
பரிமளகா.

கூடை பாரமில்லை. முதலிலேயே சொல்லிவைக்கிறேன்,
பிறகு எல்லாரும் கூடையைத்தான் குற்றம் சொன்னார்கள்.
நாலு துவாய், இரண்டு போர்வை உறை,
அவருடைய சாம்பல் நிறச் சுவெற்றர்.
கடைசிக்கு முந்தின படியில்
யாரோ சிந்திய சவர்க்காரத் திரவம், நீலம்.
கால் போனது. கை முன்னே போனது.
விழுந்த சத்தத்துக்குள்ளே இன்னொரு சத்தம்,
பச்சைக் கரட்டை ஒடித்த மாதிரி,
ஈரமாய்.

கண்டது ஃபிராவ் ஸ்பின்டன்.
உலர்த்தியின் வலையில் நான் பஞ்சை விட்டுப்போவதாக
ஒன்பது வருசமாய்த் துண்டு எழுதி ஒட்டுகிறவள்.
முழங்காலில் இருந்து
சுவெற்றரை மடித்து என் தலைக்குக் கீழே வைத்தாள்.
"அசையாதே" என்றாள்.
முதல்முறையாக, 'நீ' போட்டு.

எபிஷர் டொக்டர் திரையைத் திருப்பினார்.
பந்து இருந்த இடத்தில் குழி,
குழி இருந்த இடத்தில் பந்து,
தலைகீழாய்ப் பொருத்திய மூட்டு.
அதிலிருந்து எலும்புக்குள் இறங்கும் வெள்ளைத் தண்டு.
பதினெட்டு வருசம் முதியோர் இல்லத்தில்
கட்டிலிலிருந்து நாற்காலிக்கும்
நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும்
ஆட்களை மாற்றி மாற்றித் தேய்ந்ததற்குக்
காப்புறுதி தந்த பதில்.

"தண்டுக்கு ஒன்றுமில்லை" என்றார், பெருமையாய்த்தான்.
அது முடிகிற இடத்தில், சரிவாய், ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே இருந்தது நான்.

டைட்டேனியம் என்றார். எனக்கு அது இரும்பு.
எலும்பு கொஞ்சம் வளையும், இரும்பு வளையாது.
வளையாததன் பங்கையும் சேர்த்து
பக்கத்தில் இருப்பது வளைகிறது.
இதை ஒரு பேனாவும் தன் விரலும் வைத்துக் காட்டினார்.

தண்டுக்கு இலக்கம் உண்டு,
செய்த நாள், செய்த ஊர், அளவு,
எல்லாம் அச்சிட்ட அட்டை என் பணப்பையில்.
எலும்புக்கு அப்படி ஒன்றும் இல்லை.
அதன் பிறந்த நாள் இங்கே பதிவில் ஜனவரி ஒன்று,
யாரோ ஓர் எழுத்தர் அவசரத்தில் வைத்தது.

கூட வேலைசெய்த தயாளினி பார்க்க வந்தாள்.
"நாங்களும் அப்பிடித்தானே பரிமளம்,
இந்த நாட்டுக்குள்ள இறக்கிவிட்ட..."
பொறு தயா, என்றேன்.
எல்லாத்துக்கும் நாட்டை இழுக்காதே.
இது எலும்பு. நோகுது.
அந்தத் தோடம்பழத்தை உரி.

தண்டு உள்ளே நிறைந்திருப்பதால்
அங்கே திருகாணி குறுக்கே ஏறாதாம்.
மேலே கம்பி, நாலு சுற்று.
கீழே திருகாணி, ஐந்து.
இரண்டையும் சேர்த்துப் பிடிக்க ஒரு தகடு.
கையெழுத்துக்கு இடதுகையைக் கேட்டார்கள்.
கோணல் மாணலாய், பெட்டிக்கு வெளியே போய்,
ஓர் எழுத்தும் விடாமல் எழுதினேன்.

விழித்தபோது தோள் இருந்தது, மணிக்கட்டு இல்லை.
இருந்தது. தொங்கியது.
நரம்பொன்று எலும்பைச் சுற்றிக்கொண்டு போகிறதாம்,
மிரண்டிருக்கும், திரும்பி வரும் என்றார்,
எப்போது என்று மட்டும் கேட்காதீர்கள்.

சட்டைப் பொத்தானைக் குணரெத்தினம் பூட்டிவிடுவார்,
ஒரு துளை தள்ளி.
தள்ளினபடியே கடைக்குப் போய்வந்தேன்.

மூன்றாம் மாதம், ஒரு வியாழன்.
கூடையை ஃபிராவ் ஸ்பின்டன் தூக்கிவந்தாள்,
திரும்பவும் 'நீங்கள்' ஆகி.
இடதுகையால் வலையை இழுத்து வலதின்மேல் வைத்தேன்.
சாம்பல் பஞ்சு, மெத்தென்று, இன்னும் சூடு.
பெருவிரல் தானாய் எழுந்தது,
ஒரு நெல்மணி உயரம்,
பிறகு விழுந்தது.

"பார்த்தீர்களா?" என்றேன்.

"பார்த்தேன்" என்றாள்.
"மூலையில் இன்னும் இருக்கிறது."